ஹோல்சேலும் கேவலமும்

கடையில் தினமும் புழங்கும் 'ஹோல்சேல்' என்ற சொல்லில் உள்ள 'ஹோல்', பழைய ஆங்கிலத்தில் 'ஹால்'. ஊனமோ நோயோ இல்லாதது என்று பொருள். குணமாக்கும் 'ஹீல்', ஆரோக்கியமான 'ஹெல்த்', புனிதமான 'ஹோலி' (பண்டிகை இல்லை!) எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள்தான். 1611ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் நோய் தீர்ந்தவரை 'ஹோல்' ஆனவர் என்றே எழுதியிருக்கிறார்கள். முன்னால் நிற்கும் 'டபிள்யூ' 15ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. எழுதுவதோடு சரி, உச்சரிப்பதில்லை. நம்ம பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங்கில் மார்க் போவதுதான் மிச்சம்.

மொத்த வியாபாரத்துக்கு இச்சொல் வந்ததும் அதே நூற்றாண்டில்தான். 'ரீடெய்ல்' பிரெஞ்சு வழி வந்தது. வெட்டித் துண்டாக்குவது என்று அர்த்தம். துணி வெட்டும் 'டெய்லரு'க்கும் அதே வேர்தான்.

வடமொழியில் 'கேவல' என்றாலும் முழுமைதான். தனித்தது, வெறும் என்ற பொருள்களும் உண்டு. தீர்த்தங்கரர்கள் அடைந்த முழு அறிவைக் கேவல ஞானம் என்கிறோம். தமிழ்ப் பேச்சிலோ 'கேவலம்' வசையாகிவிட்டது. 'வெறும்' என்ற பொருள் வழியாகத்தான் அப்படி இறங்கியிருக்க வேண்டும். பூஜையில் கேவல ஞானம் என்றதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்திக்காரப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. அவர்கள் மொழியில் 'கேவல்' என்றால் இன்றைக்கும் 'மட்டும்' என்றுதான் அர்த்தம்.