கூடு விட்டுக் கூடு பாய்ந்த சர்வர்

நம் தலைமுறைக்கு சர்வர் என்றால் ஓட்டலில் தோளில் துண்டோடு வந்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பவர்தான். 1964-இல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' வந்தபோது வேறொரு சர்வர் இருக்கும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டோம். ஆனால் அதே 1964-இல் அமெரிக்காவில் சில பொறியாளர்கள் தொடங்கிய ஒரு வேலை, 44 ஆண்டுகள் கழித்துச் சென்னையில் என் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் பல ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு மூலையில் பழுப்பேறிய பெட்டி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். 1999-இல், 'ஒய்டுகே' பயத்தில் எல்லோரும் கணினி மாற்றிய சமயத்தில் வாங்கியது. அதில் விண்டோஸ் என்டி 4.0. ஊழியர்களின் வைப்பு நிதி, பணிக்காலம், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அதற்குள். மென்பொருளை எழுதிக் கொடுத்த சிறிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மூல நிரல் எங்களிடம் கிடையாது. என்டி 4.0-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவும் 2004 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

2008-இல் அதன் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று போய்விட்டது. இரண்டிலும் ஒரே தகவல் இருந்ததால் வண்டி ஓடியது. மாற்று டிஸ்க் தேடி ரிச்சி தெரு முழுக்க அலைந்தேன். அந்த வகை 9 ஜிபி ஸ்கஸி டிஸ்க்கைக் கேட்டால் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீதமிருக்கும் ஒன்றும் போனால், ஆயிரக்கணக்கானவர்களின் பணிக்காலம் காகிதத்தில்தான் மிச்சம்.

அப்போதுதான் அந்தச் சர்வரை மெய்நிகர் கணினியாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். நம் ஊர் மொழியில் சொன்னால் கூடு விட்டுக் கூடு பாய்தல். திருமூலர் கதை உங்களுக்குத் தெரியும். சித்தர், இறந்து கிடந்த மாடு மேய்க்கும் மூலனின் உடலுக்குள் புகுந்தார். இங்கே பழைய சர்வரின் உள்ளிருப்பது முழுவதையும், இயங்குதளம் உட்பட, அப்படியே ஒரு பெரிய கோப்பாக எடுத்து இன்னொரு இயந்திரத்துக்குள் குடிவைப்பது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1960-களில் கணினி என்றால் ஓர் அறை முழுக்க அடைத்துக்கொள்ளும் இயந்திரம். ஒரே நேரத்தில் பலர் அதைப் பகிர்ந்துகொள்ள வழி தேடினார்கள். எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961-இல் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினார்கள். 1964-இல் ஐபிஎம், அதே மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வு மையம் திறந்தது. அங்கே ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் வேறொரு வழியில் யோசித்தார்கள். ஒரு கணினியில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுப்பதற்குப் பதில், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி இருப்பதாகவே தோன்றச் செய்தால் என்ன?

இதை ஒண்டுக்குடித்தனத்தோடு ஒப்பிடலாம். திருவல்லிக்கேணியில் ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம் இருக்கும். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. ஒருவர் குளித்தால் இன்னொருவர் வாளியோடு காத்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ்காரர்கள் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு குடித்தனக்காரரும் முழு வீடும் தனக்கே என்று நம்பும்படி ஏற்பாடு செய்தார்கள். கிணற்றடிக்குப் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். யார் எப்போது போக வேண்டும் என்பதை வீட்டுக்காரர் மறைவாக நின்று ஒழுங்குபடுத்திவிடுவார். அந்த வீட்டுக்காரருக்குத்தான் இன்று ஹைப்பர்வைசர் என்று பெயர்.

அவர்கள் செய்த சிபி-40 என்ற மென்பொருள் 1967 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே இயந்திரத்தில் 14 மெய்நிகர் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 256 கே நினைவகம். இன்று ஒரு கைப்பேசிப் புகைப்படமே அதைவிடப் பெரிது. 1972 ஆகஸ்டில் ஐபிஎம் இதை விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. அந்த 370 குடும்பத்து இயந்திரம் ஒன்று 1973-இல் நம் கிண்டி ஐ.ஐ.டி.க்கும் வந்தது. துளை அட்டைக் கட்டோடு அங்கே வரிசையில் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

விஎம்/370-ஐ வாங்கியவர்கள் அதற்கு இன்னொரு பயனும் கண்டார்கள். புதிய இயங்குதளத்துக்கு மாறும்போது, பழையது ஒரு மெய்நிகர் கணினியிலும் புதியது இன்னொன்றிலுமாக ஒரே இயந்திரத்தில் ஓடும். பழையதை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். ஆக, பழைய வேலையைக் காப்பாற்றும் குணம் இதற்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

பிறகு தனிக் கணினிகள் வந்தன. இயந்திரம் மலிவானதும் பகிர்ந்துகொள்ளும் அவசியம் குறைந்தது. ஒரு மென்பொருளுக்கு ஒரு சர்வர் என்று வாங்கினோம். ஒன்றில் இரண்டு மென்பொருளைப் போட்டால் ஒன்றின் கோப்பை இன்னொன்று கெடுக்கும். விற்றவர்கள் பழியை ஒருவர்மேல் ஒருவர் போடுவார்கள். எங்கள் அறையில் ஒரு காலத்தில் பதினோரு சர்வர்கள் இருந்தன. எட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் மின்சாரமும் ஏ.சி.யும் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பெரிய இயந்திரத்தில் செய்த வித்தையைச் சிறிய கணினியில் ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். 1974-இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு விதி சொன்னார்கள். குடித்தனக்காரர் வீட்டையே பாதிக்கும் காரியம் எதைச் செய்யப் போனாலும், அது முதலில் வீட்டுக்காரர் காதுக்கு வர வேண்டும். இன்டெல் சில்லுகள் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. வீட்டுக்காரருக்குத் தகவல் வராமலே நடந்துவிடும் கட்டளைகள் பென்டியத்தில் 17 உண்டு என்று 2000-இல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது.

அதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளூம் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் இதே துறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1998-இல் அவர், மனைவி டயான் கிரீன் உள்ளிட்ட ஐவர் சேர்ந்து விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடங்காத கட்டளைகள் ஓடுவதற்கு முன்பே அவற்றைக் கண்டுபிடித்து, ஆபத்தில்லாத கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவதுதான் அவர்கள் வழி. 1999-இல் மேசைக் கணினிக்கும் 2001-இல் சர்வருக்கும் மென்பொருள் வந்தது. பின்னர் 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் சில்லுக்குள்ளேயே வசதி செய்துவிட்டன.

இப்போது எங்கள் பெட்டிக்கு வருகிறேன். படியெடுக்க அதை நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓடிய டிஸ்க்கை நிறுத்தினால் மீண்டும் சுழலுமா என்பது சந்தேகம். ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும் டிஸ்க்குகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நிறுத்தினேன். லினக்ஸ் குறுந்தகட்டைப் போட்டு எழுப்பினேன். டிஸ்க் சுழன்றது. ஒவ்வொரு பைட்டாக வலை வழியே படியெடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம்.

புதிய சர்வரில் அந்தப் படியை எழுப்பினால் நீலத்திரை. 7பி என்று முடியும் பிழை எண். பழைய உடலில் இருந்த டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டையைத்தான் அதற்குத் தெரியும். புதிய உடலில் இருப்பது வேறு அட்டை. அதனால் தன் டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. விஎம்வேர் தரும் மெய்நிகர் கணினி, தன்னிடம் இன்டெல் 440பிஎக்ஸ் தாய்ப்பலகையும் பஸ்லாஜிக் டிஸ்க் அட்டையும் ஏஎம்டி வலை அட்டையும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும். எல்லாமே 90-களில் சாதாரணமாகக் கிடைத்தவை. பழைய இயங்குதளங்களுக்கு அவற்றின் டிரைவர் கையிலேயே இருக்கும் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்பே பஸ்லாஜிக் டிரைவரை நிறுவிவிட வேண்டும். நான் அதைச் செய்ய மறந்திருந்தேன். பழைய பெட்டியை மறுபடி எழுப்பி, டிரைவரை நிறுவி, மறுபடி நிறுத்திப் படியெடுத்தேன். இம்முறை எழுந்தது. இரவு இரண்டு மணிக்கு வைப்பு நிதி மென்பொருளின் முகப்புத் திரையைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

திங்கள் முதல் எல்லோரும் புதியதில் வேலை பார்த்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் பெருமையோடு சுற்றினேன். பழைய பெட்டியை, எதற்கும் இருக்கட்டும் என்று நிறுத்தி, மூலையிலேயே வைத்திருந்தேன். மின்கம்பியையும் வலைக்கம்பியையும் பிடுங்கவில்லை. தவறு அங்கேதான்.

அந்த ஆண்டு மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த வாரம் ஓர் இரவு யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து எல்லாம் அணைந்தது. மின்சாரம் வந்ததும், தானாக எழுந்துகொள்ளும்படி என்றோ அமைத்திருந்த பழைய பெட்டி எழுந்துவிட்டது. புதிய சர்வரை நாங்கள் காலையில் வந்துதான் போட வேண்டும். போட்டபோது, அதே பெயரிலும் அதே முகவரியிலும் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால், மெய்நிகர் கணினி வலையில் சேர முடியாமல் ஒதுங்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை. அலுவலகம் முழுவதும் நாள் முழுக்கப் பழைய பெட்டியில் பதிவு போட்டது. திருமூலர் கதையில் பழைய உடல் காணாமல் போனது. எங்கள் கதையில் அது எழுந்து வந்து வேலை பார்த்தது.

கண்டுபிடித்தது நானல்ல, எங்கள் தலைமைக் கணக்கர் அம்மா. மாலை நாலரை மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"சார், போன வியாழக்கிழமை நான் போட்ட மூணு பதிவு காணோமே."

"நல்லாப் பாருங்கம்மா, வேற தேதியில இருக்கும்."

"நான் போட்டது எனக்குத் தெரியாதா சார்? நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

எனக்கு வயிறு கலங்கியது. இப்போது எங்களிடம் இரண்டு சர்வர்கள், இரண்டும் உண்மையானவை. ஒன்றில் கடந்த வாரம் இல்லை. இன்னொன்றில் இன்றைய நாள் இல்லை. எந்த மென்பொருளும் இவற்றைச் சேர்த்துத் தராது. அந்த அம்மா ஒவ்வொரு நாளும் போட்ட பதிவுகளை ஒரு நீள நோட்டில் கையால் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். கணினி வந்த பிறகும் எதற்கு இந்த நோட்டு என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். அந்த நோட்டையும் வவுச்சர்களையும் வைத்துக்கொண்டு, இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து விட்டுப்போனதை எல்லாம் போட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் நான் செய்த முதல் வேலை, பழைய பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கியது. இரண்டாவது, அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

உலகம் அந்தத் திசையில் வேகமாகப் போனது. 2007-இலேயே விஎம்வேர் மாற்றும் கருவியை இலவசமாகக் கொடுத்திருந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ், ஓடும் கணினியை நிறுத்தாமலே படியெடுக்கும் டிஸ்க்2விஎச்டி என்ற சிறு கருவியை வெளியிட்டது. எங்கள் பதினோரு சர்வர்களும் இரண்டு இயந்திரங்களுக்குள் அடங்கின. விஎம்வேரே 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போய்விட்டது.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் கைப்பேசியில் அழைத்தார். அந்த என்டி சர்வர் இன்னும் ஓடுகிறதாம். மூன்று முறை இயந்திரம் மாறி, அதே கோப்பாக. அவருக்கு ஒரு சந்தேகம்: "1986-க்கு முன்னால சேர்ந்தவங்களுக்கு மட்டும் கணக்கு ஏன் சார் வேற மாதிரி வருது?" எனக்குத் தெரியவில்லை. அது அந்தக் கணக்கர் அம்மாவுக்குத் தெரியும். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

இரும்பு தேய்ந்து போவதற்கு முன் உள்ளே இருந்ததைக் காப்பாற்றினோம். அது நல்ல வேலைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெட்டி சாகும் என்ற பயம் போனதும், அதன் கணக்கு முறையை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்ற அவசரமும் போய்விட்டது. அந்த அம்மாவை ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதியிருந்தால் போதும். நான் செய்யவில்லை.

அந்த இளைஞரிடம் ஒன்று சொன்னேன். அலமாரியில் நீள நோட்டுகள் சில இருக்கும், பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் இருந்தால் தேடிப் பாருங்கள் என்று. நேற்று மறுபடி அழைத்தார். ஆறு நோட்டு கிடைத்திருக்கிறதாம். அடுத்த வாரம் போகிறேன், அவரோடு உட்கார்ந்து படிக்க.