மாதவிடாய் நிற்கும் வயது: சகோதரிகள் அறிய வேண்டியவை

செஞ்சி வட்டாரத்தில் நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் பலர் திடீர் உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றை வெளியே சொல்வதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகச் சில அடிப்படைகளைத் தருகிறோம்.

எப்போது நிற்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டதாகக் கொள்வார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதே காரணம்; எலும்பும் இதனால் வலுவிழக்கும். தலாக் அத்தியாயத்தின் 4-வது வசனம், மாதவிடாய் அற்றுப்போன பெண்களின் இத்தாவை 3 மாதங்களாக வரையறுக்கிறது.

கருத்தடை

மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதால் இனி கரு தங்காது என்று எண்ணக் கூடாது. 50 வயதுக்கு முன் நின்றவர்கள் 2 ஆண்டுகளும், பின்னர் நின்றவர்கள் 1 ஆண்டும் கவனமாக இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத மாத்திரை 'சாயா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகிறது. கணவன் மனைவி இசைந்து செய்யும் தற்காலிகத் தடையை, அஸ்ல் பற்றிய ஹதீஸ்களைக் கொண்டு பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள்.

ஹார்மோன் சிகிச்சை

இது கருத்தடை அல்ல. குறைந்துபோன ஹார்மோனை ஈடுசெய்வது. 2002-ல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியவை கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் அப்பெண்களின் சராசரி வயது 63. தொந்தரவு அதிகமுள்ள, 60 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அது வழிவகுக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை.

இதை மறைக்காதீர்கள்

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். அது ஹைளா, இஸ்திஹாளாவா, தொழலாமா என்பதை ஆலிமிடம் கேட்கலாம். ஆனால் அது புற்றுநோயின் அறிகுறியா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். செஞ்சி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். பெண் மருத்துவர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். உடன் போய்வருவது கணவர், பிள்ளைகளின் பொறுப்பு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை வழங்குவானாக.