பிள்ளை யாரிடம்? முடிவு சொல்வது எந்த நீதிமன்றம்?

கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளைகள் யாரிடம் வளர்வது? இதை முடிவு செய்யும் நீதிமன்றம் எது? மலேசியாவில் இக்கேள்விகளுக்கு விடை காண, சில தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

முஸ்லிம் அல்லாதோருக்கு முக்கியமான சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவல் சட்டம். மற்றொன்று, 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம். மணவிலக்கும் அதையொட்டிய பராமரிப்பு வழக்கும் உயர்நீதிமன்றத்திற்குச் செல்கின்றன. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் கருதினாலும், பிள்ளையின் நலன் கருதி நீதிபதி வேறு முடிவும் எடுக்கலாம்.

பிள்ளையை வளர்ப்பவர் ஒருவராகவும் சட்டப்படியான பாதுகாவலர் வேறொருவராகவும் இருக்கலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையையே பாதுகாவலராக ஏற்றிருந்தது. 1999இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகே தாய்க்கும் சம உரிமை கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை மாநில ஷரியா நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அவற்றின் அதிகாரத்திற்கு உட்பட்ட விவகாரங்களில் சிவில் உயர்நீதிமன்றம் தலையிட முடியாது என 1988இல் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் 121(1ஏ) பிரிவு சேர்க்கப்பட்டது. சிவில் சட்டப்படி மணந்த தம்பதியரில் ஒருவர் மட்டும் இஸ்லாத்தைத் தழுவினால் என்ன செய்வது? சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கை நாடே அறியும். 2009இல் அவருடைய கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையையும் கொண்டு சென்றார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 2010 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. ஒரே பிள்ளைகளுக்கு இரு வேறு உத்தரவுகள்! போலீசார் எதைச் செயல்படுத்துவது?

சிரம்பானைச் சேர்ந்த மற்றொரு தம்பதியின் வழக்கிலும் இதே நிலைதான். 2016 பிப்ரவரி 10ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தெளிவான பதில் தந்தது. சிவில் சட்டப்படி நடந்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்வது சிவில் நீதிமன்றமே என்றது. எனினும் நீதிபதிகள் பிள்ளைகளைச் சந்தித்துப் பேசிய பின், மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டனர். பிரிந்து வளர்ந்த காலத்தைத் தீர்ப்பால் திருப்பித் தர முடியவில்லை.

2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மதம் மாறியவரும் சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்கு கோர வழி பிறந்தது. ஆனால் பிள்ளையின் மதமாற்றத்திற்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்ற 88ஏ பிரிவு மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் குறையை 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்த்தனர். இருவர் சம்மதமும் தேவை என்று கூறி, இந்திரா காந்தியின் பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தனர். அந்தக் கைக்குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. அது தாயிடம் இல்லை.

தீர்ப்பைப் பெறுவது ஒரு வெற்றி. பிள்ளையைப் பெறுவது மற்றொன்று. பிரிவு என்று முடிவானால் காலம் தாழ்த்தாமல், திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரை நாடுவதே நல்லது. வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம். நீதிமன்றம் காத்திருக்கும், பிள்ளையின் வயது காத்திருக்காது.