ஆட்டுத் தடமும் மதுக்கூடமும்: புல்யா சமவெளிப் பண்ணை வீடுகளின் மாற்றம்

தென் இத்தாலியின் புல்யா மாநிலத்தில், ஃபோஜா நகரைச் சுற்றி விரிந்து கிடக்கிறது தவோலியேரே சமவெளி. அங்குள்ள பழைய பண்ணை வீடுகளுக்கு ‘மசெரியா’ என்று பெயர். தடித்த கற்சுவர், நடுவே முற்றம், ஒரு பக்கம் ஆட்டுப் பட்டி. பலவற்றில் திராட்சை மிதித்து மது வடிக்கும் கூடமும் உண்டு. விருந்தினர் விடுதிகளாக மாறிவிட்ட வீடுகளில் இந்த மதுக்கூடத்தையே ஆதிப் பகுதிபோலக் காட்டுகிறார்கள். ஆட்டுத் தடத்தையொட்டிய வீடுகளில் பெரும்பாலும் அது கடைசியாக வந்து சேர்ந்தது என்பதே என் துணிபு. தாமதத்துக்குக் காரணம் மண்ணன்று, சட்டம்.

கோடையில் அப்ருத்சோ மலைகள், குளிர்காலத்தில் இந்தச் சமவெளி என்று மந்தைகள் இடம்பெயர்வது ரோமானியர் காலத்திலேயே இருந்தது. அதை அரசின் வருவாயாக்கியவர், நேப்பிள்ஸை வென்ற அரகோன் மன்னர் அல்போன்சோ. 1447இல் அவர் ‘தொகானா’ என்னும் மேய்ச்சல் சுங்கத்தை நிறுவினார். 1468இல் அதன் தலைமையிடம் லுச்சேராவிலிருந்து ஃபோஜாவுக்கு மாறியது. மந்தைக்காரர் வரி கட்டினார். பதிலாக அவருக்குக் குளிர்கால மேய்ச்சலும், பாதுகாப்பான வழியும், தனி நீதிமன்றமும் கிடைத்தன.

‘திரத்தூரோ’ எனப்படும் அந்த வழியின் அகலம் 60 நேப்பிள்ஸ் அடிவைப்பு, அதாவது சுமார் 111 மீட்டர். லாக்விலாவிலிருந்து ஃபோஜா வரை செல்லும் தடத்தின் நீளம் ஏறத்தாழ 244 கிலோமீட்டர். ஆடுகள் மேய்ந்தபடியே நடப்பதால் வழியே மேய்ச்சல் நிலமாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஓரத்து உழவர்கள் ஆண்டுதோறும் ஓரிரு சால் உள்ளே தள்ளி உழுதார்கள். நில அளவையாளர்கள் வந்து மீட்டார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெரும் மீட்பு அளவைகள் நடந்தன. 1686இல் மிக்கேலே சகோதரர்கள் வரைந்த நிலப்பட ஏட்டில் மேய்ச்சல் பகுதிகள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. ‘அரச வழி’ என்பதன் முதலெழுத்துகள் வெட்டிய எல்லைக்கற்கள் இன்னும் சில வயலோரங்களில் நிற்கின்றன.

திராட்சைக்கு இடமில்லாமல் போனது இந்த ஏற்பாட்டால்தான். கோதுமை வயலைக் கரம்பாக விட்டால் மறுபடி புல் முளைக்கும். சுங்கம் அதை அளவோடு பொறுத்துக்கொண்டது. கொடியோ பத்திருபது ஆண்டுகளுக்கு நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் தளிரை ஆடு விட்டுவைக்காது. ஆகவே கொடிகள் பெரும்பாலும் ஊரை ஒட்டிய தோட்டங்களுக்குள் ஒடுங்கின.

1806இல் ஜோசப் போனபார்ட்டின் ஆட்சி தொகானாவை ஒழித்தது. திரும்பி வந்த பூர்போன் மன்னர்கள் 1817இல் கட்டுப்பாடுகளில் சிலவற்றை மீண்டும் விதித்தார்கள். நிலம் முழுதாக விடுபட்டது ஒன்றுபட்ட இத்தாலியின் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதே சமயத்தில் ஃபிலோக்செரா பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. கலப்புக்கு ஏற்ற புல்யாவின் கருஞ்சிவப்பு மதுவுக்குக் கிராக்கி ஏறியது. செரிஞ்ஞோலாவில் பவொன்செல்லி குடும்பம் பெரும் பரப்பில் கொடி நட்டது. நடும் பாடு கூலியாட்களுடையது: கரம்பைக் குத்தகைக்கு எடுத்து, கொத்தி, கொடியேற்றி, தவணை முடிந்ததும் தோட்டத்தோடு நிலத்தை முதலாளியிடம் ஒப்படைத்தார்கள். மதுக்கூடத்தின் வரலாற்றில் நான் முதலில் எழுத விரும்பும் வரி இதுதான்.

கூடத்தின் அமைப்பு எளியது. சாய்தளமுள்ள கல் தொட்டியில் பழத்தை மிதிப்பார்கள். சாறு கால்வாய் வழியே தாழ்ந்த தொட்டிக்கு இறங்கும். தொட்டிக்குப் பின்சுவரில் தீவனக் குழியின் தடம் தெரிந்தால், தொழுவமே கூடமாயிற்று என்று கொள்ளலாம்.

1888இல் பிரான்ஸுடன் சுங்கப் போர் மூண்டு ஏற்றுமதி சரிந்தது. பின்னர் பூச்சியும் புல்யாவை எட்டியது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பெருந்தடங்களை மட்டும் காத்து, மற்றவற்றை விற்பனைக்கு விட்டது. அப்படி விற்ற தடங்கள் பல இடங்களில் உழவு நிலமாயின. எஞ்சியவற்றுக்குத் தொல்லியல் பாதுகாப்பு மொலீசே மாநிலத்தில் 1976இலும், புல்யாவில் அதன் பிறகும்தான் கிடைத்தது.