விழித்திரைப் பட மதிப்பீட்டில் ஒப்புமை

ஒரே விழித்திரைப் படத்தைப் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே மதிப்பிடும்போது அவர்களுடைய முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் குறிக்கும் அளவு. ஒருவரே அதே படத்தை இடைவெளிவிட்டு மீண்டும் பார்க்கும்போது முன்பு சொன்னதையே சொல்கிறாரா என்பதும் இதனுடன் சேர்த்து ஆராயப்படும். சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு, மாகுலா சிதைவு, கிளாக்கோமா, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் ஆகியவை பற்றிய ஆய்வுகளில் இது முக்கியமானது.

தொடக்கம்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் ஆப்தல்மாஸ்கோப் கருவி பற்றிய நூலை வெளியிட்டபின், மருத்துவர்கள் விழித்திரையில் கண்டதைக் கையால் வரைந்து வைத்தனர். அந்த ஓவியத்தை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. உயிருள்ள மனிதக் கண்ணின் உட்புறத்தை முதலில் படமெடுத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1886-இல் ஜாக்மனும் வெப்ஸ்டரும் வெளியிட்ட படத்தைப் பலர் குறிப்பிடுவர். அதற்குப் பின் வந்த தெளிவான படங்களையே முதலாவதாகக் கொள்வோரும் உளர். 1926-இல் நோர்டென்சன் வடிவமைத்த கேமராவைக் கார்ல் ஸைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஏர்லி ஹவுஸ் காலம் (1968–1991)

1968-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஏர்லி ஹவுஸ் என்னுமிடத்தில் நடந்த கருத்தரங்கில், சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பை வகைப்படுத்த ஒரு பொது முறை வகுக்கப்பட்டது. ‘லேசானது’, ‘கடுமையானது’ என்று சொல்லால் விவரிப்பதோடு நில்லாமல், மாதிரிப் படங்களை எல்லைக்கோடாக வைத்தது இம்முறையின் சிறப்பு. மதிப்பீட்டாளர் தம் முன்னுள்ள படத்தில் கசிவு மாதிரிப் படத்தைவிடக் குறைவா, கூடுதலா என்று பார்த்து முடிவு செய்வார். இதன் திருத்திய வடிவத்தை, லேசர் சிகிச்சையின் பயனைச் சோதித்த இரு பெரும் அமெரிக்க ஆய்வுகள் கையாண்டன. இரண்டாவது ஆய்வில் 3,711 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். படங்கள் மேடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பட மதிப்பீட்டு மையத்துக்குச் சென்றன.

வேலைமுறை நுணுக்கமானது. ஒவ்வொரு கண்ணுக்கும் 30 பாகை அகலத்தில் ஏழு பகுதிகள். ஆழம் தெரிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். ஆக ஒரு கண்ணுக்கு 14 ஸ்லைடுகள். மதிப்பீட்டாளர் ஒளிப்பெட்டிமேல் ஜோடி ஸ்லைடுகளை வைத்து, இரு கண்களாலும் பார்க்கும் உருப்பெருக்கி வழியே ஆராய்ந்தார். ஒரு சிவப்புப் புள்ளி இரத்தக்குழாயின் நுண்வீக்கமா, இரத்தக்கசிவா என்ற ஐயத்துக்கும் விதி இருந்தது: நீளம் 125 மைக்ரோமீட்டரை எட்டினால், வடிவமும் விளிம்பும் வேறுவிதமாகக் காட்டாதவரை, அது கசிவு. பார்வை நரம்புத் தட்டின் விளிம்பைக் கடக்கும் சிரையின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே அளவுகோலைத் தேடி மதிப்பீட்டாளர் வெளியே போக வேண்டியதில்லை. அந்தப் படத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

1991-இல் வெளியான இரண்டாவது ஆய்வின் பத்தாம் அறிக்கை, மதிப்பீட்டாளர் ஒப்புமையை ஒவ்வோர் அடையாளத்துக்கும் தனித்தனியே தந்தது. நுண்வீக்கமும் இரத்தக்கசிவும், கடினப் படிவு, புதிய இரத்தக்குழாய், நார்த்திசு வளர்ச்சி, மாகுலா வீக்கம் ஆகியவற்றில் எடையிட்ட கப்பா என்னும் ஒப்புமை அளவு 0.61 முதல் 0.80 வரை இருந்தது. மென்படிவு, விழித்திரைக்குள் நுண்குழாய்க் கோளாறு, சிரை மணிமணியாகப் புடைத்தல் ஆகியவற்றில் அது 0.41–0.60 மட்டுமே.

கப்பா பற்றிய சர்ச்சை

தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கப்பாவை 1960-இல் ஜேக்கப் கோயன் முன்வைத்தார். எடையிட்ட வடிவம் 1968-இல் வந்தது. 0.61 முதல் 0.80 வரை ‘கணிசமானது’ என்ற பரவலான பிரிவினை லாண்டிஸ், காக் ஆகியோர் 1977-இல் தந்தது. அது தன்னிச்சையான பிரிவினை என்று அவர்களே எழுதியிருந்தும், பின்வந்தோர் பலர் அதைச் சட்டம்போல் பயன்படுத்தினர். நோய் அரிதாக உள்ள இடத்தில் கப்பா ஏமாற்றும் என்பது இன்னொரு குறை. 100 படங்களில் 94-ஐ இருவரும் நலமென்றும், 2-ஐ இருவரும் நோயென்றும் சொல்லி, ஒவ்வொருவரும் வேறு இரண்டைத் தனியாக நோயென்று குறித்தால், ஒப்புமை 96 விழுக்காடு, கப்பாவோ 0.48-தான். இக்குறை கப்பாவைக் கைவிடப் போதுமானதா என்பதில் புள்ளியியலாளர் ஒருமனப்படவில்லை.

பிற துறைகள்

பார்வை நரம்புத் தட்டின் குழி அளவை மதிப்பிடுவதில் வல்லுநர்களே கணிசமாக வேறுபடுவதை லிக்டர் 1976-இல் காட்டினார். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் படங்கள் 34-ஐ 22 வல்லுநர்கள் மூன்று வகையாகப் பிரித்தபோது, அனைவரும் ஒத்துப்போனவை நான்கு மட்டுமே.

1991-இல் அறிமுகமான ஓசிடி ஸ்கேன், விழித்திரையின் தடிமனை இயந்திரமே அளக்கும் நிலையைக் கொண்டுவந்தது. எனினும் விழித்திரையின் வெளி எல்லையை எந்த அடுக்கில் கொள்வது என்பதில் கருவிகள் வேறுபடுவதால், இரு நிறுவனக் கருவிகளின் எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. கருவி வரையும் எல்லைக்கோடு தவறும் இடங்களில் மதிப்பீட்டாளர் அதைக் கையால் திருத்த வேண்டியுள்ளது.

அண்மைக் காலம்

சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறிய 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணினி முறைக்கு 1,28,175 படங்கள் பயன்பட்டன. 54 மருத்துவர்களைக் கொண்ட குழு ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இதில் அடங்கும். 2018-இல் வந்த தொடர் ஆய்வு, பெரும்பான்மை வாக்கோடு நிற்காமல் விழித்திரை வல்லுநர் மூவர் கலந்து பேசி முடிவெடுத்தபோது, முன்பு விடுபட்ட நுண்வீக்கங்கள் தெரியவந்ததைக் காட்டியது.

ஒப்புமை மிகுந்தாலும் முடிவு சரியென்று ஆகிவிடாது. இருவரும் ஒரே புள்ளியைத் தவறவிடலாம். ஆகவே ஓர் ஆய்வின் கப்பாவைப் படிப்பவர், கருத்து வேறுபட்ட படங்களை யார், எவ்விதம் தீர்த்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.