தனுஷ்கோடி புயலை நேரில் பார்த்தவர் சொன்னாலும் விக்கிப்பீடியா ஏன் ஏற்காது? புதிதாக எழுதுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய 2 விதிகள்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் புரட்டிப் போட்டது. அதில் உயிர் தப்பிய ஒரு தாத்தா, நடந்ததைப் பேரனிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதை அப்படியே விக்கிப்பீடியாவில் சேர்க்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பத்தி நீக்கப்படுகிறது. "எங்க தாத்தா பொய்யா சொல்வாரு?" என்று பேரனுக்குக் கோபம்.

தாத்தா பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஏன் நீக்கினார்கள்?

சொந்த ஆய்வு கூடாது

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுபவர் யார் என்பது வாசகருக்குத் தெரியாது. அதனால் எழுதும் தகவல் ஏற்கெனவே நம்பகமான ஓரிடத்தில் வெளியாகியிருக்க வேண்டும். நாளிதழ், ஆய்வு நூல், அரசு ஆவணம் போன்றவற்றைச் சான்றாகக் காட்டலாம். "நான் பார்த்தேன்", "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்பவை சான்று ஆகாது. சொந்த வலைப்பதிவும் யூடியூப் வீடியோவும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

இந்த விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. புயலில் அடித்துச் செல்லப்பட்ட பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயிலில் 115 பேர் இறந்ததாகச் சில பதிவுகள் சொல்கின்றன. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கலாம் என்கின்றன வேறு சில. இரண்டையும் பார்த்துவிட்டு "சுமார் 160 பேர்" என்று நீங்களே முடிவு கட்டினால் அது சொந்த ஆய்வு. எந்தப் பதிவு என்ன சொல்கிறது என்று இரண்டையும் எழுத வேண்டும்.

அரிச்சல்முனைக்கு அப்பால் நீளும் ராமர் பாலத்துக்கும் இதே கதைதான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து "மனிதர் கட்டியது" என்றோ "இயற்கையானது" என்றோ நீங்களே தீர்ப்பு சொல்லக்கூடாது.

சாதாரணக் கணக்கு தடையில்லை. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்ற போட் மெயில் வழித்தடம் 1914-ல் தொடங்கி, 1964 புயலோடு தனுஷ்கோடியில் முடிந்தது. இதை "50 ஆண்டுகள்" என்று எழுதலாம்.

குறிப்பிடத்தக்கமை என்றால் என்ன?

ஒரு தலைப்புக்குத் தனிக் கட்டுரை தேவையா என்பதை முடிவு செய்வது இந்த விதி. சம்பந்தப்பட்டவர்களுடன் தொடர்பில்லாத, நம்பகமான பல வெளியீடுகள் அந்தத் தலைப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தால் போதாது.

தனுஷ்கோடியும் 1964 புயலும் இதில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் அங்கே சங்கு, பாசிமணி விற்கும் ஒரு கடைக்கோ, லட்சம் ஃபாலோயர்ஸ் வைத்திருக்கும் பயண வீடியோக்காரருக்கோ அது மட்டுமே தகுதி ஆகாது. பணம் கொடுத்துப் போட்ட விளம்பரச் செய்தியும் கணக்கில் வராது. தனிக் கட்டுரைக்குத் தேறாத, ஆனால் சான்றுள்ள தகவலை ஊர்க் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்க இடமுண்டு.

வாய்மொழி வரலாறு என்னாவது?

நியாயமான கேள்வி. அச்சில் ஏறாத அறிவு நம் ஊர்களில் ஏராளம். அதனால்தான் 2011-ல் விக்கிமீடியா அறக்கட்டளை உதவியுடன் ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி மொழி பேசுவோரிடம் ஒலிப்பதிவு செய்து, அதையே சான்றாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் அது பொது விதியாக மாறவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

* தாத்தாவின் நினைவை முதலில் வேறு இடத்தில் வெளிவரச் செய்யுங்கள். செய்தியாளரிடமோ, கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ சொல்லுங்கள். வெளியானதும் அதைச் சான்றாகக் காட்டலாம்.
* இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம் என நீங்கள் எடுத்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். சொந்தப் படத்துக்கு இந்தத் தடை இல்லை.
* முதலில் உங்கள் மணல்தொட்டியில் எழுதிப் பாருங்கள். அழியாத பிழை என்று அங்கே எதுவும் இல்லை.
* நீக்கப்பட்டால் சண்டை வேண்டாம். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான சந்தேகங்களுக்கு 'ஆலமரத்தடி' பக்கம் இருக்கிறது.

புயலை 10 வயதில் பார்த்தவர்கள் இன்று 70 வயதைக் கடந்துவிட்டார்கள். விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கு அவசரம் இல்லை. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யத்தான் அவசரம்.