வெளிச்சத்தைப் பங்கு பிரித்த கண்ணாடி

1884இல் நியூயார்க் நகரத்துக் கூரை ஒன்றின் மேல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர் சில தகடுகளை வெயிலில் பரப்பிவைத்தார். உலோகத் தகட்டின் மேல் செலினியப் பூச்சு, அதன் மேல் பொன் படலம். விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே அது மின்சாரமாக மாறியது. தகடு ஒன்றை அவர் ஜெர்மனிக்கு அனுப்ப, வெர்னர் ஃபான் சீமென்ஸ் அதைப் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் முன் வைத்து விளக்கினார். ஃப்ரிட்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் செலினியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மின்சாரம் தரும் சன்னலின் வரலாற்றைத் தேடுபவர் பார்க்க வேண்டியது பொன்னை. ஒளி உள்ளே புகும் அளவுக்கு மெலிதாக, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் அளவுக்கு இடைவெளியின்றி அது படிந்திருந்தது. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், ஒளியை மறிக்கும். கண்ணாடி ஒளியை விடும், மின்சாரத்தை மறிக்கும். இரண்டு குணமும் ஓரிடத்தில் கூடிய முதல் பூச்சுகளில் ஒன்று அந்தப் பொன் படலம்.

அந்தக் கூட்டு எளிதில் கைவருவதில்லை. சன்னலின் வேலை ஒளியை உள்ளே விடுவது. சூரிய மின்கலத்தின் வேலை அதே ஒளியை விழுங்குவது. கலம் விழுங்கிய கதிர் அறைக்குள் வராது. அறைக்குள் வந்த கதிர் மின்சாரம் ஆகாது. எனவே, எந்த ஒளியை யாருக்குக் கொடுப்பது என்ற பாகப்பிரிவினையாகவே இந்தக் கண்ணாடியின் கதை நீள்கிறது. பொறியாளர்கள் இதுவரை மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்: பரப்பைப் பிரிப்பது, ஒளியின் அளவைப் பிரிப்பது, நிறத்தைப் பிரிப்பது.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். சிலிக்கான் படிகம் ஒளி ஊடுருவாத பொருள். அது செயற்கைக்கோளுக்குப் போனது, பிறகு கூரைக்கு வந்தது. சன்னலுக்கு வர நாளானது. வந்தபோது கட்டடக் கலைஞர்கள் செய்தது மிக எளிய தந்திரம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கலங்களை இடைவெளி விட்டு அடுக்கினார்கள். கலம் இருக்கும் இடத்தில் நிழல், இல்லாத இடத்தில் வெளிச்சம். திண்ணையில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் என்ன நடக்குமோ அதேதான்.

ஜெர்மனியின் ஆஹன் நகரில், நகராட்சி மின்நிறுவனக் கட்டடத்தின் முகப்பில் 1991இல் இப்படி நிறுவப்பட்ட கண்ணாடியையே இத்துறையினர் கட்டடத்தோடு இணைந்த சூரிய முகப்புகளின் தொடக்கமாக வழக்கமாகச் சுட்டுகிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்பெயினின் மத்தாரோ நகரத்தில் பொம்பேவ் ஃபாப்ரா நூலகம் எழுந்தது. 53 கிலோவாட் திறனுள்ள அதன் சூரியப் பரப்பில் ஒரு நுட்பம் உண்டு: கலங்களுக்குப் பின்னால் சூடேறும் காற்றைக் குளிர்காலத்தில் நூலகத்தைக் கதகதப்பாக்கப் பயன்படுத்தினார்கள். மின்கலம் விழுங்கியும் மின்சாரமாக மாற்ற முடியாத ஒளி வெப்பமாகத்தான் முடியும். அதைக் கழிவாக ஒதுக்காமல் கணக்கில் சேர்த்ததே அந்த நூலகத்தின் சிறப்பு.

இந்த முறையின் உச்சம் ஜெர்மனியின் ஹெர்ன நகரத்து மான் செனி பயிற்சிக் கழகம். பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மண்ணில் 1999இல் எழுந்த பெரும் கண்ணாடிப் பேழை அது. அதற்குள் தனித்தனிக் கட்டடங்கள் நிற்கின்றன. கூரையிலும் முகப்பிலும் சேர்ந்து சுமார் 1 மெகாவாட் திறன். கலங்களை ஒரே சீராகப் பதிக்காமல், ஓரிடத்தில் அடர்த்தியாகவும் வேறிடத்தில் இடைவிட்டும் பதித்தார்கள். உள்ளே நிற்பவருக்குத் தலைக்கு மேல் மேகம் நகர்வது போன்ற நிழல் கிடைத்தது. கனடாவின் எட்மன்டன் மாநாட்டு மையம் பின்னர் இன்னும் ஒரு படி போனது: அதன் கண்ணாடிக் கூரையில் கலங்கள் நிற்கும் வரிசையே மோர்ஸ் குறியீட்டில் ஒரு கவிதையை எழுதுகிறது. மறைக்க முடியாத கலத்தை அணியாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் வீட்டுச் சன்னலில் கட்டம் கட்டமாக நிழல் விழுவதை எல்லாரும் ரசிப்பதில்லை.

இரண்டாவது வழி 1976இல் திறந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோபர் ரான்ஸ்கியும் படிகமற்ற சிலிக்கானில் 2.4 சதவீதத் திறனுள்ள கலத்தைச் செய்தார்கள். எண் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மிக மெல்லிய படலமாக, நேரடியாகக் கண்ணாடியின் மேலேயே அதைப் படியவைக்க முடிந்தது. 1980களில் பலரின் சட்டைப் பையில் இருந்த சூரியக் கால்குலேட்டர் இந்தப் படலத்தில்தான் ஓடியது. அதற்கு மின்முனையாக அமைந்த ஒளி ஊடுருவும் டின் ஆக்சைடு பூச்சுக்கோ வேறொரு பூர்வீகம்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானக் கண்ணாடியில் பனி உறையாமல் சூடேற்ற அத்தகைய பூச்சு பயன்பட்டது. ஃப்ரிட்ஸின் பொன் படலத்துக்கு மலிவான வாரிசு அதுவே.

படலத்தில் லேசர் கொண்டு கண்ணுக்கு எளிதில் தெரியாத கோடுகளைச் சுரண்டி எடுத்தால், கட்டம் மறைந்து கண்ணாடி சீரான மங்கல் நிறமாகிறது. எவ்வளவு சுரண்டுவது என்பது வாங்குபவரின் விருப்பம். அதற்குக் கொடுக்கும் விலை மின்சாரத்தில் தெரிகிறது: நூற்றில் 30 பங்கு ஒளியை விடும் இத்தகைய கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட் தரும், கூரை மேல் இருக்கும் இன்றைய சிலிக்கான் பலகை அதே பரப்பில் 200 வாட்டைத் தாண்டும்.

சுவிட்சர்லாந்தில் வேறொரு கிளை வளர்ந்தது. 1991இல் பிரையன் ஓ'ரீகனும் மிக்கேல் கிரெட்செலும் வெளியிட்ட கலத்தில் ஒளியை உறிஞ்சியது சாயம். இலையில் பச்சையம் செய்யும் வேலைக்கு நெருங்கிய வேலை. சாயம் என்பதால் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். லோசான் நகரத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் மாநாட்டு மையத்தில் 2014இல் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பில் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாக இந்தக் கண்ணாடிகள் நின்றன. மேற்கு முகப்பில் அவற்றை வைத்ததற்கு மின்சாரம் மட்டும் காரணமல்ல. மாலை வெயிலை மறித்துக் குளிரூட்டும் செலவைக் குறைப்பதும் நோக்கம். நியாயமாகப் பார்த்தால், இத்தகைய பல கட்டடங்களில் முதல் லாபம் நிழல். மின்சாரம் அதன் மேல் கிடைக்கும் கொசுறு.

மூன்றாவது வழி மனிதக் கண்ணின் குறையைப் பயன்படுத்திக்கொள்கிறது. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் பாதிக்கும் சற்றுக் குறைவானதே நம் கண்ணுக்குத் தெரியும். மிச்சத்தில் பெரும்பங்கு அகச்சிவப்பு, சிறு பங்கு புறஊதா. கண்ணுக்குத் தெரியாததைக் கலத்துக்குக் கொடுத்துவிட்டால் அறைக்கு எந்த நஷ்டமும் இல்லை. எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் லன்ட்டும் விளாடிமிர் புலோவிச்சும் 2011இல் இதைச் செய்துகாட்டினார்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சும் கரிமப் பொருள், 1.7 சதவீதத் திறன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய லன்ட்டின் குழு 2014இல் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் மூலக்கூறுகள் காணா ஒளியை விழுங்கி, வேறு அலைநீள அகச்சிவப்பாக உமிழும். அது கண்ணாடிக்குள்ளேயே எதிரொளித்து ஓரத்துக்குப் போகும். அங்கே மெல்லிய கலப் பட்டைகள் காத்திருக்கும். 1970களிலேயே முன்வைக்கப்பட்ட கருத்துத்தான். அப்போதைய சாயங்கள் கண்ணாடியை நிறமேற்றின. 2021இல் அதே பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் வாயிலுக்கு மேல் நிறமற்ற மின்கண்ணாடிகள் பொருத்தப்பட்டன.

இங்கே உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. முழுமையாக ஒளி ஊடுருவும் ஒற்றை அடுக்குக் கலம், கோட்பாட்டளவில் 20.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. சாதாரணக் கலத்துக்கு அந்த வரம்பு சுமார் 33. ஆய்வகங்கள் அந்த 20.6க்கும் வெகு கீழேதான் நிற்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஃபாரஸ்டின் குழு 2020இல் எட்டியது 8.1 சதவீதம், அதுவும் 43.3 சதவீத ஒளியை மட்டும் விட்ட கண்ணாடியில்.

அமெரிக்கக் கட்டடங்களில் 500 முதல் 700 கோடி சதுர மீட்டர் கண்ணாடி இருக்கிறது என்றும், ஒளி ஊடுருவும் கலங்கள் அந்நாட்டு ஆற்றல் தேவையில் சுமார் 40 சதவீதத்தைத் தரக்கூடும் என்றும் லன்ட்டின் குழு 2017இல் கணக்கிட்டது. இந்த எண்ணைச் செய்தித்தாள்கள் ஆசையோடு எடுத்துக்கொண்டன. அது எட்டக்கூடிய எல்லையைச் சொல்லும் மதிப்பீடு. ஊரிலுள்ள சன்னல்களுக்கு வெயில் அப்படி அளந்து விழுவதில்லை. சன்னல் செங்குத்தாக நிற்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, சூரியன் உச்சியில் ஏறும் நண்பகலில் சுவர் வெயிலைச் சாய்வாகவே வாங்குகிறது. பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் உண்டு. இவை போகக் கட்டுமானச் சிக்கல் வேறு. ஒவ்வொரு சன்னல் சட்டத்துக்குள்ளும் கம்பி போக வேண்டும். இரட்டைக் கண்ணாடியின் காற்றுப்புகா அடைப்பு கெடாமல் கம்பி வெளியே வர வேண்டும். கண்ணாடி பொருத்துபவரும் மின்பணியாளரும் ஒரே சட்டத்தில் கைவைக்க வேண்டும். விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது.

ஆகவே சிலர் சின்ன வேலையாகத் தேடினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூ-லின் லூவின் குழு 2017இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய புறஊதாக் கதிரை மட்டும் உறிஞ்சும் கலத்தைச் செய்தது. அது வீட்டுக்கு மின்சாரம் தர அல்ல. வெயிலுக்கேற்ப நிறம் மாறும் சன்னலுக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தை அந்தச் சன்னலே தேடிக்கொள்ள. அதே ஆண்டு அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், வெயிலில் சூடேறியதும் தானாகக் கறுத்து மின்சாரம் தரத் தொடங்கும், பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருள் பூசிய கண்ணாடியைக் காட்டியது. கறுத்த நிலையில் திறன் 11.3 சதவீதம். வெளிச்சத்தையும் மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் கேட்காமல் முறைவைத்துக் கேட்டது அது. ஆனால் சில சுற்றுகள் கறுத்து வெளுத்ததும் திறன் சரியத் தொடங்கியது.

அதே பெரோவ்ஸ்கைட் பின்னர் ஜப்பானில் வீட்டுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் பானாசோனிக் நிறுவனம், ஃபுஜிசாவா நகரத்து மாதிரி வீடு ஒன்றின் மாடி முகப்பில் இந்தக் கண்ணாடியைப் பொருத்தி, ஓராண்டுக்கு மேல் நீளும் சோதனையைத் தொடங்கியது. மை அச்சுப்பொறியைப் போலப் பூச்சைத் தெளித்து, பிறகு லேசரால் தேவையான இடங்களில் அகற்றியிருக்கிறார்கள். பொருள் புதியது, பிரிக்கும் முறையோ ஆஹன் காலத்து முறைதான், கோடுகள் மட்டும் மெலிந்திருக்கின்றன. ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாதவை. மழையிலும் வெயிலிலும் நின்ற அந்த மாடிக் கண்ணாடியில் நிறுவனம் அளக்க முனைந்ததும் அதைத்தான்: எவ்வளவு மின்சாரம் வருகிறது, எத்தனை நாள் வருகிறது.